வாங்கோ சொல்லாத வாசல்

மகனே,

நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அப்பாவின் போனுக்கு எடுத்துக் கதைப்பது குசினிக்குள் நிற்கும் எனக்கு நன்றாகவே கேட்கிறது. உனக்குத் தடிமன் பிடித்து மாறிவிட்டது, அங்கே மலையில் இன்னும் பனி கிடக்கிறது, புது வாகனம் பார்க்கிறாய், எல்லாம் தெரியும். போன கிழமை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா வருவாவோ இல்லையோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, ஓடத்திலை ஆர் ஆர் ஏறுறது எண்டு முடிவெடுக்க வேணும்" என்று நீ சொன்னதும் கேட்டது. பெற்றவளிடம் நேரே கேட்க உனக்கு வாய் வரவில்லை. ஆகையால் நானும் நேரே பதில் சொல்லவில்லை. இதை நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். பெயர் போடவில்லை. ஆனாலும் ஜெர்மனியின் இந்த ஹம் நகரில் இருக்கிற எவருக்கும் இது யார் வீட்டுக் கதை என்று தெரியாமல் போகாது. தெரியட்டும். உன் கலியாணச் செய்தியை நீ முகநூலில் போட்டபோது என்னைக் கேட்டா போட்டாய்? இன்னொன்று, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை ஊகித்துக்கொள்வாய். அச்சில் வந்தால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன பலன் இதற்காவது உதவட்டும்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று பல்லைக் கடிக்காதே, மற்றவர்களும் வாசிக்கிறார்கள். நீ ஹம்மில் பிறந்தாய். டோர்ட்மண்டில் படித்தாய். அங்கே சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மறுபடி ஆறாக்குகிற வேலையில் சேர்ந்தாய். அதுவரைக்கும் எனக்குப் பெருமைதான். பிறகு கனடாவின் மேற்குப் பக்கத்து மலைகளுக்குள், அணைகள் மறித்த ஆற்றுக்குச் சல்மன் மீனைத் திரும்பக் கொண்டுவருகிற வேலை என்று போனாய். கனடா என்றதும் நம் சனம் டொரோண்டோ என்று நினைத்து வாழ்த்தியது. நீ போன இடத்தில் கறிவேப்பிலை வாங்க அரை நாள் கார் ஓட வேண்டும். அந்த ஆறும் ஏரிகளும் சினைக்ஸ்ட் என்ற ஆதிக்குடிகளின் நிலம். அவர்களில் பெரும்பாலானோர் இப்போது எல்லைக்குத் தெற்கே, அமெரிக்கப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களின் நிலத்தில் பெரும் பகுதி வடக்கே, கனடாவில். கனடா அரசு ஐம்பதுகளில் இந்த இனம் அழிந்துபோய்விட்டது என்று எழுதி வைத்துவிட்டதாம். ஆட்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் உயிரோடு சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே! அவர்களில் ஒருவர் எல்லை தாண்டி வந்து, வேண்டுமென்றே மானைச் சுட்டு, வழக்குக்குப் போய், உச்ச நீதிமன்றம்வரை ஏறிய பிறகுதான் அங்கே அவர்களுக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. இப்போது கோடையில் அந்த நிலத்துக்கே வந்து கூடுகிறார்கள். மூக்குக் கீழ்நோக்கிச் சரிந்த தங்கள் பழைய மாதிரி ஓடங்களைக் கட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக் கொடுக்கிறார்கள், பாடுகிறார்கள், ஆற்றில் மீன் விடுகிறார்கள். அப்படி ஒரு கூடலில்தான் அவர்களில் ஒருத்தியான ஜோலினை நீ கண்டாய். இவ்வளவையும் எனக்குச் சொன்னதே நீதான், காது புளிக்கிற அளவுக்கு.

அந்தப் பெண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கோபம் முழுக்க உன் மேல்தான். இங்கே கோயில் தேர் இழுக்கிற நாளில் உன்னை ஒரு தரம் வடம் பிடிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேட்டி கட்ட வெட்கம். நாதஸ்வரம் காதுக்குள் குத்துகிறது. ஜெர்மன் கூட்டாளிகள் யாராவது கண்டுவிடுவார்கள். அர்ச்சனைத் தட்டோடு நான் வரிசையில் நிற்க, நீ கார் தரிப்பிடத்தில் நின்று பொம்மெஸ் என்கிற உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டாய். அதே நீ, அங்கே விடிய எழும்பிக் குளிர் தண்ணீருக்குள் இறங்கி அவர்களின் ஓடத்துக்குத் தோள் கொடுக்கிறாய். படம் போடுகிறாய். படத்துக்குக் கீழே கண் கலங்கியது என்று எழுதுகிறாய். உனக்குக் கண் கலங்கும் என்பதே எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல விஷயம்தானே, பிள்ளைக்கு ஒரு பிடிப்பு வந்திட்டுது" என்றார். உன் அப்பாவுக்கு எல்லாம் நல்ல விஷயம்தான். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் நிலம் கழுவுப்பட்டது நல்லது என்பார்.

இந்த வருடம் தை முடிந்து நீ ஜோலினையும் அவளை வளர்த்த மாமியையும் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்றபோது, நான் கலியாணம் பேச வருகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நினைத்து என்ன, மண்டபம் பேசியாயிற்று, ஐயரிடம் நாளும் கேட்டாயிற்று. இந்த ஊரில் எத்தனை கலியாண வீட்டில் நான் சேலை மடிப்புக் குலையாமல் விடியும்வரை நின்று பலகாரம் பரிமாறியிருக்கிறேன். எல்லாரையும் ஒரு நாள் என் வீட்டுக் கலியாணத்துக்குக் கூப்பிட வேண்டும் என்பது ஒரு பேராசையா? நீங்கள் விமானத்தால் இறங்கி ரயில் ஏறிய பிறகு, எனக்கு உன் செய்தி வந்தது. கலியாணம் ஆடி மாதம், அங்கே, அந்தக் கூடலில், ஆற்றங்கரையில். முடிவெடுத்துவிட்டோம். வந்து விளக்கமாகச் சொல்கிறேன், பயப்படாதேங்கோ. பக்கத்தில் ஒரு மீன் படமும் இருந்தது. நான் அதை வாசித்தபோது அடுப்பில் பருப்பு. கையில் கரண்டி. அந்தக் கரண்டியோடு உன்னைச் சந்திக்க வேண்டும் போல இருந்தது.

மணி அடித்தது. கீழ்க்கதவைத் திறந்துவிட்டு, வீட்டுக் கதவைத் திறந்து நின்றேன். நீ பெட்டிகளோடு முதலில் ஏறி வந்து என்னைத் தள்ளாத குறையாக உள்ளே போனாய். ஜோலின் உனக்குப் பின்னால் பாதிப் படியில் நின்றுவிட்டாள். அவளை வளர்த்த மாமி, டெல்லா அக்கா, மெதுவாக ஏறி வந்து, வாசலுக்கு ஓரடி முன்னால் நின்றார். நரைத்த தலை, அகலமான முகம், நடந்து களைத்த மூச்சு. என் முகத்தைப் பார்த்துத் தன் மொழியில் இரண்டு வசனம் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் எவரிடமும் கேட்டுப் பார். எதிரியே வாசலுக்கு வந்தாலும் வாங்கோ என்று கேட்பதுதான் நமக்கு முறை. ஒரு சொல். செலவில்லாத சொல். அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டதற்காக இருபது வருடம் முகம் பார்க்காமல் இருக்கிற குடும்பங்கள் இந்த ஹம்மிலேயே இருக்கின்றன. எல்லாம் தெரிந்துதான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறதியில் அல்ல. வேண்டுமென்றே.

நீ உள்ளே இருந்து ஆங்கிலத்தில், வாங்கோ, வாங்கோ, ஒன்றும் யோசிக்காதேங்கோ என்று கத்தினாய். அவர் அசையவில்லை. நீ திரும்பி வந்து அவரின் முழங்கையைப் பிடித்தாய். அவர் கையை விடுவித்துக்கொண்டார். உன்னைப் பார்க்கவும் இல்லை. இந்த வீட்டுக்கு உரியவள் யார் என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. உனக்கு இத்தனை வருடத்தில் தெரியவில்லை. அப்போது பார்த்துக் கீழ்வீட்டு ஜெர்மன்கார அம்மா படி கூட்டுகிற முறைக்குத் தும்புத்தடியோடு ஏறி வந்தா. எங்கள் இருவருக்கும் நடுவே "குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னா. நாங்கள் இருவரும் "குட்டன் டாக்" என்றோம், திரும்ப ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. நாள் முழுக்க நிற்கச் சொன்னாலும் நிற்பார் என்று தெரிந்தது. அதற்குள் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. ஓட வேண்டும். ஒரு மனுஷியை வாசலில் நிற்க வைத்துவிட்டு முதுகைக் காட்டி ஓடுகிற அளவுக்கு எனக்குத் துணிவு வரவில்லை. "சரி, வாங்கோ" என்றேன், நாய்க்குச் சோறு வைக்கிற குரலில். அது என்ன மொழி என்று அவருக்குத் தெரியாது, ஆனால் உடனே தலையை ஆட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பருப்பு கருகிவிட்டது. அதைத்தான் எல்லாரும் சாப்பிட்டீர்கள்.

சாப்பாட்டு மேசையில் நீ அவருக்கு எங்களைப் பற்றி விளக்கம் சொன்னாய். "அவையும் எங்களை மாதிரித்தான் அம்மா, நிலத்தை இழந்த சனம்" என்று எனக்கும் ஒரு மொழிபெயர்ப்பு. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எங்களை மாதிரியா? எங்கள் காணியில் என் தம்பி இப்போதும் வெங்காயம் போடுகிறான், கோடை விடுமுறைக்கு நீ போய் அவன் கிணற்றில் குளித்துவிட்டு வந்திருக்கிறாய். எங்களைப் பற்றி இந்த ஜெர்மனியிடம் தேவைக்கு மிஞ்சிய காகிதம் இருக்கிறது. பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். அவர்களைப் பற்றி அந்த நாட்டிடம் இருந்தது ஒரே ஒரு சங்கதி, இல்லை என்று. எங்களை இருக்கிறாயே, ஏன் இருக்கிறாய் என்று கேட்டார்கள். அவர்களை இல்லை என்று சொல்லிவிட்டு அவர்களின் நிலத்துக்கு வேறு ஆட்களை வரவிட்டார்கள். அப்படி அந்த நாட்டுக்கு வந்த ஆட்களில் இன்றைக்கு டொரோண்டோவில் வீடு வாங்கியிருக்கிற என் மச்சாளும் ஒருத்தி, வேலைக்குப் போன நீயும் ஒருத்தன். அந்தக் கதையில் நாங்கள் அவர்கள் பக்கம் இல்லை, வந்து இறங்கியவர்கள் பக்கம். இதை விளங்காமல் அடுத்தவரின் துக்கத்துக்குள் காலை நீட்டிப் படுக்காதே.

ஒப்புக்கொள்கிறேன், அதற்குப் பிறகு நான் செய்தது பழிக்குப் பழிதான். பழைய பட அல்பத்தை எடுத்து வந்தேன். கிண்டர்கார்ட்டன் கார்னிவலில் நீ இந்தியானராக, அதாவது அமெரிக்க ஆதிக்குடியாக, வேஷம் போட்ட படம் உனக்கு ஞாபகம் இருக்கும். கடையில் வாங்கின காகித இறகு, கன்னத்தில் என் உதட்டுச் சாயத்தால் மூன்று கோடு, கையில் பிளாஸ்டிக் கோடாலி. ஜெர்மன்காரப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அதே வேஷம். அவர்கள் மத்தியில் நீ ஒருவன்தான் நிறத்துக்குப் பொருத்தம் என்று ஆசிரியை என்னிடம் சொல்லிச் சிரித்தா. அல்பத்தைக் கண்டதும் நீ மேசைக்குக் கீழால் என் காலை மிதித்தாய். நான் அந்தப் பக்கத்தை விரித்து டெல்லா அக்காவின் முன்னால் வைத்தேன். ஜோலின் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கிளாசை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். டெல்லா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். அப்பா எழுந்து முதுகைத் தட்டிவிட்டார். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்குப் பிடித்த சத்தம் அது ஒன்றுதான்.

ஜோலினும் டெல்லா அக்காவும் ஸ்டேஷனுக்குப் பக்கத்து விடுதிக்குப் போன பிறகு நீ குசினிக்குள் வந்தாய். "அம்மா, மாப்பிள்ளை பகுதி ஓடத்திலைதான் வரவேணும். கரைக்குக் கிட்ட வந்து நிண்டு, வரலாமோ எண்டு கேக்க வேணும். கரையிலை நிக்கிறவை ஓம் எண்டாத்தான் இறங்கலாம். அது நீங்கள்தான் கேக்க வேணும். தமிழிலை. வடிவா இருக்கும்" என்றாய். அந்த வடிவாய் இருக்கும் என்ற சொல்தான் என்னைக் கொளுத்தியது. நான் "ஏலாது" என்றேன். ஏன் என்றாய். நான் சொன்னதில் பாதியைத்தான் நீ கேட்டாய், மீதிக்கு நீ சத்தம் போட்டாய். இப்போது முழுதும் எழுதுகிறேன், சத்தம் போட ஏலாது.

நீ பிறந்தபோது எங்கள் கையில் இருந்தது டுல்டுங் என்ற தாள். திருப்பி அனுப்புவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். நீ இங்கே இருக்கலாம் என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. அது முடிய முடிய வெளிநாட்டவர் அலுவலகம் என்ற கந்தோருக்குப் போய் நீட்டித் தரலாமா என்று கேட்க வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்குப் போவதென்றாலும் கேட்க வேண்டும். என் தங்கைக்கு ஸ்டுட்கார்ட்டில் கலியாணம் பேசி வந்தது. என் அம்மாவும் அப்பாவும் ஊரில். இங்கே அவளுக்கு இருந்த ஒரே உறவு நான். கலியாணத்துக்குப் போகலாமா என்று ஆன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். உன்னை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் முறை வரும்வரை இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், தங்கை கலியாணம் அவசரக் காரணம் இல்லை என்றா. தலையை நிமிர்த்தவில்லை. அவவின் தலை வகிடுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, முகம் தெரியாது. உன் அப்பா, "ரயிலிலை ஆர் பாக்கப் போறான், போட்டு வா" என்றார். பிடிபட்டால் உன் எதிர்காலம் என்ன ஆகும் என்று பயந்து நான் போகவில்லை. என் தங்கை யாரோ ஒரு அயலவளின் கையால் கூறைச்சேலை வாங்கினாள். பாஸ்போர்ட் கையில் கிடைத்த நாள் நான் ஒன்று முடிவெடுத்தேன். இனி உலகத்தில் எந்த இடத்திலும் நின்று, வரலாமா, இருக்கலாமா என்று எவரையும் கேட்க மாட்டேன். அதுவும் ஒரு கலியாணத்துக்குப் போவதற்கு. என் சொந்த மகனின் கலியாணத்துக்கு! நீ எங்கேயும் கேட்டு நின்றதில்லை. அதனால்தான் கேட்பது உனக்கு வடிவாய்த் தெரிகிறது.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, பாஸ்போர்ட் கிடைச்சும் நீங்கள் இன்னும் அந்தக் கந்தோர் வாசலிலைதான் நிக்கிறியள். உங்களோடை சேத்து என்னையும் நிக்கச் சொல்லாதேங்கோ." நான், "உது என்ரை வீடு. வெளியிலை போ" என்றேன். நீ பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போனாய். எறியவில்லை, சத்தமில்லாமல் வைத்தாய். எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்பா படிவரை உன் பின்னால் வந்துவிட்டுத் திரும்பி வந்து, "பிள்ளை ஜாக்கெட் போடாமல் போறான்" என்றார். அவருக்கு அதுதான் கவலை.

இனி நான் எழுதுவது உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை நீங்கள் இருவரும் டோர்ட்மண்டில் உன் கூட்டாளிகளைப் பார்க்கப் போன நேரம், டெல்லா அக்கா தனியே பஸ் ஏறி வந்தார். எனக்கு அன்றைக்குப் பின்னேர வேலை. முதியோர் இல்லத்து வேலைச் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. கீழே நின்று அதே இரண்டு வசனத்தைப் பேசுகிற கருவிக்குள் சொன்னார். இந்த முறை நான் உடனே "வாங்கோ" என்றேன், ஏன் என்று என்னைக் கேட்காதே. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் நானும், மெதுவாகக் கதைத்து அவரும் சமாளித்தோம். அவர் சொன்னதை நம் தமிழிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் கேட்டது.

"உங்கடை மகனை எனக்குப் பெரிசாப் பிடிக்காது" என்று தொடங்கினார். நான் மினுக்குவதை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தேன். "நல்ல பொடியன்தான். ஆனால் கூடக் கதைக்கிறான். கூட்டத்திலை எழும்பி, உங்கடை நோவு எனக்கு விளங்குது எண்டு அழுறான். எங்களுக்கே முழுசா விளங்கேல்லை." நான் ஓம் ஓம் என்றேன். "எங்கடை ஆக்கள் கொஞ்சப் பேர். இவையளுக்குப் பிள்ளை பிறந்தால் எங்கடை இனத்தின்ரை பதிவிலை வருமோ வராதோ எண்டு ரத்தத்தை அரை, கால் எண்டு பிரிச்சுப் பாப்பினம். அந்தப் பயம் எனக்கு இருக்கு. நீங்களும் விருப்பமில்லாமல் நிக்கிறியள் எண்டு வாசலிலையே தெரிஞ்சுது. அது எனக்கு நிம்மதி. சிரிச்சுக்கொண்டு நிண்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன்." மகனே, இந்த ஜெர்மனியில் என்னோடு இவ்வளவு நேர்மையாகக் கதைத்த மனுஷியை நான் காணவில்லை.

நான் அவரிடம் கந்தோரைச் சொன்னேன், தங்கையின் கலியாணத்தைச் சொன்னேன், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, இனிக் கேட்க மாட்டேன் என்றேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "அப்ப வராதேங்கோ" என்றார். "ஆனால் வந்தால் கேக்க வேணும்." பிறகு தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "என்ரை தாய் எல்லைக்கு வடக்கை தன்ரை ஆக்களின்ரை புதைகுழிகளைப் பாக்கப் போனவ. எல்லையிலை நிக்கிறவன், எங்கை போறாய் எண்டு கேட்டான். வீட்டை போறன் எண்டா. காரைத் திருப்பி அனுப்பிப் போட்டான். செத்துப்போன சனம் எண்டு எழுதி வைச்சிருக்கேக்குள்ளை வீடு எங்காலை? எங்கடை நிலத்துக்கு ஆர் ஆரோ வந்தவை. றோட்டுப் போட்டவை, அணை கட்டினவை, வீடு கட்டினவை. ஒருத்தரும் எங்களிட்டை வரலாமோ எண்டு கேக்கேல்லை. இல்லாத ஆக்களிட்டை என்னெண்டு கேக்கிறது? இப்ப கோடையிலை நான் கரையிலை நிப்பன். ஓடத்திலை வாறவை என்ரை முகத்தைப் பாத்துக் கேப்பினம். நான் உடனை ஓம் எண்டு சொல்ல மாட்டன். கொஞ்ச நேரம் தண்ணியிலை ஆட விடுவன். அதிலை எனக்கு ஒரு சந்தோசம். என்ரை தாய்க்குக் கிடைக்காத சந்தோசம். அதை நீங்கள் கெடுக்கப் போறியளெண்டால் இஞ்சையே இருங்கோ."

அவர் போன பிறகு நான் வேலைக்குப் பிந்திவிட்டேன். பஸ்ஸில் இருந்தபடி அந்த வாசலை நினைத்தேன். அன்றைக்கு அந்த இரண்டு வசனத்தால் அவர் என்னிடம் வரலாமோ என்றுதான் கேட்டார், நான் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன், ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதால் அவர் சிறுத்துப் போகவில்லை. கேட்டு நின்றபோது அந்த வீடு என் வீடு என்பதை இத்தனை வருடத்தில் முதன்முதலாக ஒருவர் எனக்குச் சொன்னது போல இருந்தது. வாடகை வீடுதான். இருந்தாலும்.

இதனால் நான் மனம் மாறிவிட்டேன், உன்னை மன்னித்துவிட்டேன் என்று அப்பாவிடம் துள்ளாதே. நான் வருவேன். ஓடத்திலும் ஏறுவேன். உனக்காக அல்ல. டெல்லா அக்கா கரையில் நிற்பார், அவரை நான் ஒரு தரம் வாசலில் நிற்க வைத்தேன், அந்தக் கணக்குத் தீர வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று நீ எழுதித் தர வேண்டியதில்லை. எனக்குக் கேட்கத் தெரியும், உன்னைவிட அதிகம் கேட்டவள் நான். அவர் எவ்வளவு நேரம் ஆட விட்டாலும் ஆடுவேன். உன் அப்பாவுக்குத் தண்ணீர் பயம், அவருக்கு மிதக்கிற சட்டை எடுத்து வை. நீ ஓடத்தில் வாயைத் திறக்காதே. படம் எடுக்காதே. அழவும் வேண்டாம். அங்கே கூட்டத்தில் எழும்பி உனக்கு என்ன விளங்கியது என்று சொல்வதை விட்டுவிட்டு, சாப்பாடு முடியப் பாத்திரம் கழுவு. கலியாணம் கட்டின பிறகும் அதையே செய். அந்தப் பெண்ணின் சனத்தின் நோவை அவள் சொல்லும்போது கேள், நீ அதை மற்றவர்களுக்குச் சொல்லாதே. ஐப்பசியில் இங்கே மண்டபத்தில் விருந்து நடக்கும். ஜோலின் சேலை கட்டுவாள், அவளிடம் நான் கேட்டுவிட்டேன். நீ வேட்டி கட்டுவாய், உன்னிடம் நான் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் சாவி சப்பாத்துத் தட்டில் நீ வைத்த இடத்திலேயே கிடக்கிறது. அப்பா உனக்குத் தபாலில் அனுப்புவோமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தூசி துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைக்கிறேன். கலியாணத்துக்கு முன் வைகாசியில் வேலை விஷயமாக டோர்ட்மண்டுக்கு வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னாய். அங்கிருந்து ரயில் ஏறி வா. கீழ்க்கதவு திறந்து கிடந்தாலும் ஏறி வராதே. மணியை அடி. மேலே வந்து, வாசலுக்கு ஓரடி முன்னால், அவர் நின்ற இடத்தில் நில். அம்மா, வரலாமோ என்று கேள், என் முகத்தைப் பார்த்துக் கேள். நான் உடனே பதில் சொல்வேன் என்று நினைக்காதே. கீழ்வீட்டு அம்மா படி கூட்டிக்கொண்டு வந்தால் குட்டன் டாக் சொல்லிவிட்டு நில். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு நான் அடுப்பில் ஒன்றும் வைக்க மாட்டேன்.